மூன்று பேருக்கான மார்ச்

ரெமிஜியஸ் கார்னெட்டை உதட்டிலிருந்து எடுத்த பிறகும் இசை நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். அல்சூர் ஏரியின் அக்கரையிலிருந்து, தண்ணீரை ஒட்டியே வந்ததுபோல, அடிக்குரலில் ஒரு ஸ்வரம் வந்து தேய்ந்து அடங்கியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கடந்து போனார்கள். ராஜேந்திரன் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏரியையே பார்த்தான்.

"கேட்டியாடா?"

"அந்தப் பக்கம் மிலிட்டரி ஏரியா. அவங்க பேண்ட் ப்ராக்டீஸா இருக்கும்."

"இந்த மார்ச்சையா?"

ரெமிஜியஸ் கார்னெட்டைக் கவிழ்த்து எச்சிலை வடித்தான். அந்த மார்ச்சை வேறு யாரும் வாசிக்க முடியாது. பட்டாளத்தோடு வடகிழக்கில் இருந்தபோது அவர்களுடைய பேண்ட் மாஸ்டர் சேஷகிரி உண்டாக்கியது அது. இறந்துபோன சிப்பாயின் உடல் மலைக்கிராமத்துக்குப் போகும்போது முழு பேண்டும் போக வழியில்லை. பெட்டி இருக்கும் லாரியிலேயே மூன்று பேர் ஏறிக்கொள்வார்கள். ரெமிஜியஸின் கார்னெட், ராஜேந்திரனின் கிளாரினெட், அடிக்குரலுக்கு நாகேஷின் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியம். அந்த மூன்றுக்கும் மட்டுமாக, பெட்டியைச் சுமந்து மெதுவாக நடக்கிற கால்களுக்கு ஏற்ற மெட்டு. சேஷகிரி அதை எழுதி வைக்கவில்லை, வாயால் பாடித்தான் கற்றுக்கொடுத்தார். அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது.

திரும்பப் பட்டாளத்துக்குப் போகலாம் என்ற செய்தியைக் கொண்டுவந்தவனே நாகேஷ்தான். ஒரு படைப்பிரிவு மையத்தில் பேண்டுக்கு ஆள் போதவில்லை, ஓய்வுபெற்ற வாத்தியக்காரர்களில் ஐம்பது தாண்டாதவர்களைச் சோதித்துப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னான். "மறுபடி யூனிஃபார்ம்டா" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ரெமிஜியஸ் அப்போது ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்கு மேற்பார்வையாளன். அவன் அடிக்கிற சல்யூட்டுக்குக் காரின் கண்ணாடிகூட இறங்குவதில்லை. ராஜேந்திரன் சிவாஜிநகர் கல்யாண பேண்டில், பித்தான் அறுந்த சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டு ஊதிக்கொண்டிருந்தான். மூவரும் அன்றைக்கே விண்ணப்பித்தார்கள். நம்முடைய மார்ச்சையே வாசித்துக் காட்டலாம் என்று முடிவு செய்ததும் நாகேஷ்தான். அதே மாதம் அவன் குளியலறையில் விழுந்தான். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக இருவருக்கும் கால் வரவில்லை.

அடுத்த சாயங்காலமும் ஏரிக்கு அப்பால் அந்தக் குரல் வந்தது. இந்த முறை முதலிலிருந்தே. கார்னெட் மூச்செடுக்கும் இடத்தில் தான் ஏந்திக்கொண்டு, கிளாரினெட் மேலே போகும்போது தான் கீழே இறங்கி, எப்போதும்போல இரண்டாம் அடியில் கொஞ்சம் தாமதித்து. அந்தத் தாமதத்துக்காக நாகேஷ் சேஷகிரியிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறான்! ராஜேந்திரன் பாதியில் நிறுத்தி, கிளாரினெட்டைக் கழற்றாமல் அப்படியே பையில் திணித்தான்.

மறுநாள் மத்தியானம் மல்லேஸ்வரத்துக்குப் போனார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடி வீடு. நாகேஷின் மனைவி மமதா கதவைத் திறந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா அண்ணா?"

நாகேஷ் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண். ரெமிஜியஸ் அவன் காலைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றான் ராஜேந்திரன். "சாயங்காலத்துல இவன் எப்படி இருக்கான்?"

மமதாவின் முகம் மாறியது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"ரெண்டு நாளா கை ஆடுது. செத்த கைன்னு டாக்டர் சொன்னாரே, அந்தக் கை. வெளக்கேத்தற நேரத்துல ஆரம்பிக்குது. அது நின்னப்புறம் பாத்தா ஒடம்பெல்லாம் வேர்த்து, மல ஏறினவர் மாதிரி மூச்சு வாங்கறாரு. இவரு ஹார்ட்டு எதையும் தாங்காது, அசையாம வெச்சிக்கோங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு பயமா இருக்குண்ணா."

ரெமிஜியஸ் கட்டிலில் உட்கார்ந்தான். வேண்டாம் என்று மனம் சொல்லியும் வாய் கேட்கவில்லை. உதடு பிரியாமல், அந்த மார்ச்சில் கார்னெட்டின் பகுதியை மெல்ல முனகினான்.

போர்வையின் மேல் கிடந்த வலது கையில் மூன்று விரல்கள் எழுந்தன. ஒன்று அழுத்தியது. பிறகு இரண்டு சேர்ந்து அழுத்தின. கார்னெட்டுக்கும் யூஃபோனியத்துக்கும் விரல் கணக்கு ஒன்றுதான். ரெமிஜியஸால் அந்தப் போர்வையைப் படிக்க முடிந்தது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நாகேஷின் மூடிய வாயிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் அவன் நெஞ்சு, ஊதுகிறவனின் நெஞ்சு நிறைவதுபோல நிறைந்து நிறைந்து இறங்கியது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"நிறுத்துங்கண்ணா!" மமதா அந்த விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். "நீங்கதானா? எங்கியோ ஒக்காந்து நீங்கதான் வாசிக்கறீங்களா? பேடா அண்ணா, வேணாம். ஒங்க கால்ல விழறேன். அவர சும்னே விட்ருங்க."

மார்க்கெட்டின் பூக்கடைகளைத் தாண்டிய பிறகு ராஜேந்திரன், "வேற மார்ச் வாசிச்சுக்கலாம்" என்றான். ரெமிஜியஸ் தலையசைத்தான்.

அதன்பிறகு ஏரிக்குப் போகவில்லை. கல்யாண பேண்டின் கொட்டகையில், எல்லாப் படைகளிலும் வாசிக்கிற சாதாரண மார்ச் ஒன்றைப் பழகினார்கள். தப்பில்லாமல் வந்தது. மூன்றாவது குரல் வரவில்லை. வராததைத்தான் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ரெமிஜியஸின் காது தானாக, நாகேஷ் எப்போதும் நிற்கிற இடது பக்கம் திரும்பியது. காக்ஸ் டவுன் வீட்டில் அவன் மனைவி ஜோசஃபின், "செலக்‌ஷனுக்குப் போற மொகமா இது? அடக்கத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க" என்றாள்.

சோதனை நாளன்று காலையில் மையத்தின் மரத்தடியில் பழைய ஆட்கள் நரைத்த மீசையும் பளபளத்த ஷூவுமாகக் காத்திருந்தார்கள். சிலர் பல் கட்டியிருந்தார்கள். உள்ளே போய் வந்த ஒரு டிரம்பட்காரர் யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தார். அடுத்தது இவர்கள் முறை. அப்போது ரெமிஜியஸின் போன் அதிர்ந்தது.

"அண்ணா, மமதா பேசறேன்." குரல் மிகவும் நிதானமாக இருந்தது. "நீங்க வாசிக்கறீங்களா இப்ப?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. இன்னும் உள்ளயே போகல."

"தெரியும். விடிஞ்சதுலேர்ந்து அவரு கை நிக்கல. நீங்க இல்லாமயே வாசிக்கறாரு. தனியா. கொஞ்சம் வாசிச்சிட்டு நிறுத்தறாரு, யாரோ வரணும்னு பாக்கறாரு. வரலேன்னதும் மறுபடி மொதல்லேர்ந்து." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னால பாக்க முடியல. அவரோட வாசிங்கண்ணா."

"டாக்டர் சொன்னது..."

"அவருகிட்டயே கேட்டேன். அவங்களோட போகணுமான்னு. ஆமான்னு கண்ண மூடித் தெறந்தாரு. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன். வாசிங்க."

உள்ளே நீளமான கூடம். தேர்வாளர் சுபேதார் கோவிந்தன் வேலூர்க்காரர். முரட்டு முகம். சின்னக் கோல் ஒன்றை விரலிடுக்கில் வைத்திருந்தார்.

"என்ன வாசிக்கறீங்க?"

ராஜேந்திரன் அந்தச் சாதாரண மார்ச்சின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். ரெமிஜியஸ் அவன் முழங்கையைத் தொட்டான். "ஸ்லோ மார்ச், சாப். எங்க பேண்ட் மாஸ்டர் போட்டது. மூணு பேருக்கு." ராஜேந்திரன் அவனைப் பார்த்தான். போனில் பேசியது யார் என்று புரிந்து கண் கலங்கியது. ஆனால் கிளாரினெட்டை உயர்த்தினான்.

"மூணாவது ஆள் எங்க?"

"ஒடம்பு சரியில்ல, சாப்."

கோவிந்தன் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கோலை உயர்த்தினார். "சரி, இருக்கறத வெச்சு வாசிங்க. தாளம் நான் போடறேன்."

ரெமிஜியஸ் தொடங்கினான். முதல் அடி கூடத்தின் சுவரில் பட்டுத் திரும்பியது. வேறொன்றுமில்லை. இரண்டாம் அடியில், கொஞ்சம் தாமதமாக, அவனுடைய இடது பக்கத்திலிருந்து அந்த அடிக்குரல் எழுந்தது. தொலைவிலிருந்து அல்ல, கைக்கெட்டும் தூரத்தில். வாத்தியத்தின் பித்தளை சூடேறும் மணம்கூட வந்தது. ரெமிஜியஸ் திரும்பவில்லை. திரும்பினால் உதடு நடுங்கிவிடும் என்று தெரிந்திருந்தது. சேறான மலைப்பாதையும் பெட்டியின் மேல் கொடியும் கண்ணுக்குள் வந்தன. மூன்று பேரும் ஒரே காலை எடுத்துவைத்தார்கள்.

எதிரே கோவிந்தன் கண்களைப் பாதி மூடியிருந்தார். கோல் கார்னெட்டைப் பார்த்தது, கிளாரினெட்டைப் பார்த்தது. பிறகு அவருடைய இடது கை, வெற்றிடத்தை நோக்கித் திரும்பி, உள்ளங்கை கீழே பார்க்கத் தாழ்ந்தது. மெல்ல, இன்னும் மெல்ல. அந்தக் குரல் பணிந்தது.

கடைசி ஸ்வரத்தை ரெமிஜியஸ் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிடித்துவைத்திருந்தான். நெஞ்சு எரிந்தது, கண் இருட்டியது. மூச்சு அறுந்து கார்னெட் இறங்கியது. கிளாரினெட்டும் நின்றது. கூடத்தில் அடிக்குரல் மட்டும் தனியாக, ஒரே சீராக, நீண்டுகொண்டிருந்தது. கோவிந்தன் உயர்த்திய கையை மடக்காமல், அது முடிவதற்காக நின்றுகொண்டிருந்தார்.