லெச்சுமி என்று கூப்பிட்ட கவுதாரி

சந்தனம்மாள் இறந்து கருமாதி முடிந்த மறுநாள், நரிக்குடிப் பாதையில் கண்மாய்க்கு மேற்கே இருக்கும் சீமைக்கருவேலங்காட்டில் ஒரு கவுதாரி அவளுடைய குரலில் கூப்பிடத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடும். "லெச்சுமி..." என்று ஒரு தரம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அந்த வருஷம் மல்லி விலை படுத்துவிட்டதால் ஊருக்குப் பேச வேறு விஷயமும் இருந்தது. என்றாலும் முதல் மாதம் ஆட்கள் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். "அவளேதான், அந்த மூக்கடைப்புகூட அப்பிடியே இருக்கு" என்றார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த கல்யாண வீடியோக்காரர் ஒருவர் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். பதிவிலும் சந்தனம்மாள்தான் இருந்தாள். பின்னால் ஓர் ஆடு இருமியதும் விழுந்திருந்தது. மறுவருஷம் யாரும் தலை திருப்பவில்லை. ஆடு மேய்க்கிற முத்துப்பேச்சி மட்டும், கடிகாரம் பார்க்கிற வேலை மிச்சம் என்று, அந்தக் குரல் கேட்டதும் தூக்குவாளியைத் திறக்கப் பழகிக்கொண்டாள்.

லெச்சுமி என்பது சந்தனம்மாளின் ஒரே மகள் முருகலட்சுமி. அவள் மட்டும்தானா என்றால், அங்கேதான் சிக்கல். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று நம்புகிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள் சந்தனம்மாள். மகள் பிறக்கும்வரை, "இந்தாங்க" என்றே புருஷனைக் கூப்பிட்டாள். பிறந்த பிறகு பிள்ளை பேரையே அவருக்கும் போட்டுவிட்டாள். ஆக, கிடாமீசையும் ஆறடி உயரமுமான இருளப்பசாமி அந்த வீட்டில் முப்பத்தாறு வருஷம் லெச்சுமியாக இருந்தார். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எவளோ எவளையோ "ஏ லெச்சுமீ" என்று கூப்பிட, இவர் "இந்தா வாரேன்" என்று எழுந்து நின்ற கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்குள் குழப்பம் வந்ததில்லை. பேருக்குப் பின்னால் "சாப்புட வா" என்று வந்தால் மகள். "சாப்புட வாங்க" என்று வந்தால் அப்பா. அந்த ஒரு 'ங்க'வில்தான் அவள் புருஷனுக்குரிய மரியாதை முழுவதும் இருந்தது.

அவள் இறந்த நாளில் அந்த 'வா'வும் வரவில்லை, 'வாங்க'வும் வரவில்லை. பொங்கல் லீவுக்கு முருகலட்சுமி வந்திருந்தாள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. நடுவீட்டுக் கட்டிலில் படுத்துச் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இருளப்பசாமி வாசலில் மருந்தடிக்கிற டேங்க்கின் வாஷரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து "லெச்சுமி" என்று ஒரு சத்தம். அப்பாவைத்தான் என்று மகள் நினைத்தாள். மகளைத்தான் என்று அப்பா நினைத்தார். குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்த பிறகே இருவரும் எழுந்து போனார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் கரண்டியோடு. உடனே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அது இருவர் காதிலும் ஏறவில்லை. உயிர் போகிற நேரத்தில் அவள் யாரைக் கூப்பிட்டாள், போகாமல் இருந்தது நான்தானா என்கிற முள் ஆளுக்கொன்றாக உள்ளே தங்கிவிட்டது. அப்பா மகளிடம் கேட்கவில்லை, மகள் அப்பாவிடம் சொல்லவில்லை. வாரம் தவறாமல் போனில் மழையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

செத்தவர் குரல் கூப்பிட்டால் மூன்றாம் தரம்வரை பதில் பேசக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருளப்பசாமி முதல் தரத்துக்கே "இந்தா வாரேன்" என்பார். மதியமானால் மிளகாய்ச் செடிக்குள் எங்கே நின்றாலும் மேற்கே பார்த்து அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கவுதாரி கேட்காத மாதிரி மறுபடியும் "லெச்சுமி" என்னும். போன வருஷம் கோடையில் அப்படிப் பதில் சொல்லிக்கொண்டே வரப்பில் மயங்கி விழுந்தார். முத்துப்பேச்சியின் ஆடுகள் அவரைச் சுற்றி நிழல் கட்டி நின்றதால் பிழைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மைதான். முருகலட்சுமி ஓடிவந்து, "இனிமே நீங்க தனியா இருக்க முடியாதுப்பா, கெளம்புங்க" என்றாள். "உங்கம்மா கூப்புடுறப்ப நான் இல்லாட்டி?" என்றார் அவர். மாசக்கணக்கில் நடந்த இழுபறி கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. கவுதாரியைப் பிடித்துக் கூண்டில் வைத்துக்கொடுத்தால், கூண்டும் கையுமாக எந்த ஊருக்கும் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அந்தக் காட்டுக்குள் வழி தெரிந்தவர் இம்மானுவேல். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போய் மூலை முடுக்கெல்லாம் பழக்கம். அவரிடம் பழக்கிய சேவல் கவுதாரி ஒன்று இருந்தது. கூண்டைக் காட்டில் வைத்தால் அது சண்டைக்குக் கத்தும். கத்தலுக்கு எதிர்க்கத்தல் கொடுத்துக்கொண்டு காட்டுக் கவுதாரி வந்து கண்ணியில் மாட்டும். ஓயாமல் கத்துவதால் அதற்கு வாத்தியார் என்று பேர். அதை வைத்து இப்போது பறவை பிடிப்பதில்லை. பாரஸ்ட்காரர்களிடம் ஒரு முறை மாட்டி, இனிப் பிடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்ததோடு சரி. முருகலட்சுமி சொன்ன விஷயத்தைக் கேட்டு நாடியைச் சொறிந்தார். "கவுதாரியப் புடிச்சாத்தான கேசு பாப்பா? நம்ம சந்தனம் மதினியத்தான கூட்டியாரப் போறோம்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

மாசி மாதத்து விடியலில் லோடு ஆட்டோவில் கிளம்பினார்கள். முன்சீட்டில் அப்பாவும் மகளும், மகள் மடியில் சாப்பாட்டுக் கேரியர், அப்பா மடியில் காலிக் கூண்டு. முருகலட்சுமி இருட்டோடு எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அம்மா போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதை வைத்ததில்லை. கண்மாய்க் கரையோடு வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். வேலிமுள் அவள் துப்பட்டாவைப் பிடிக்கும்போதெல்லாம் அப்பா குனிந்து விடுவித்தார். அவர் முழங்கால் மடங்கும்போதெல்லாம் அவள் தோளைக் கொடுத்தாள். இம்மானுவேல் பேசக்கூடாது என்பதை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய ரகசியக் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஓர் உடைமரத்தடியில் வாத்தியாரின் கூண்டை வைத்து, சுற்றிலும் கண்ணி பதித்து, புதருக்குப் பின்னால் மூவரும் குந்தினார்கள். அப்பாவும் மகளும் இத்தனை நெருக்கமாக உட்கார்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் சட்டையில் பூச்சிமருந்தும் வியர்வையும் கலந்த வாசம் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. முள் குத்தியதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வாத்தியார் சட்டென்று வாயை மூடி, திட்டு வாங்கிய பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டது. எதிரே செத்தைக்குள்ளிருந்து ஒரு கவுதாரி நடந்து வந்தது. பெட்டை; சாம்பலில் புரண்டு எழுந்த நிறம். ஈரக் கோலத்தை மிதிக்காமல் போகிறவள் மாதிரிக் கண்ணிகளைத் தாண்டி வந்து நின்று, "லெச்சுமி" என்றது.

மகள் பதில் சொல்லட்டும் என்று அப்பா இருந்தார். தினமும் சொல்கிற அப்பாதானே சொல்வார் என்று மகள் இருந்தாள். கவுதாரி இன்னொரு தரம், "லெச்சுமி" என்றது. இம்மானுவேலுக்குப் பொறுக்கவில்லை. "அட, யாராச்சும் என்னன்னு கேளுங்களேன், அவுக எம்புட்டு நேரம் நிப்பாக?" என்றார்.

முருகலட்சுமி அப்பாவின் கையைப் பிடித்தாள். "அன்னைக்கும் இப்பிடித்தான்ப்பா. ஒங்களத்தான் கூப்புடுறாகன்னு நெனச்சு நான் எந்திரிக்காமக் கெடந்துட்டேன்."

இருளப்பசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒன்னையன்னு நெனச்சேன் தாயி. வாஷரு கையில இருந்துச்சு. நீ போயிருவன்னு நெனச்சேன்."

மூன்று வருஷமாக ஆளுக்கு ஒன்றாகச் சுமந்தது ஒரே சுமைதான் என்று தெரிந்தபோது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கவுதாரி மூன்றாம் தரம் கூப்பிட்டது. இரண்டு பேரும் ஒரே வாயாக, "இந்தா வாரோம்" என்றார்கள்.

அவ்வளவு காலமும் அவர் 'வாரேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'வாரோம்' என்ற சொல் அந்தப் பறவைக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு, பாதியில் நின்றுபோயிருந்ததை எடுத்து முடிக்கிற மாதிரி, மூக்கடைத்த குரலில் நிதானமாகச் சொன்னது: "லெச்சுமி, ரெண்டு பேரும் சூடோட சாப்புட வாங்க."

சோற்றுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். வலியில் கத்தவில்லை, உதவிக்கு அழைக்கவில்லை, ஒருத்தரை விட்டு ஒருத்தரைக் கூப்பிடவும் இல்லை. பண்டிகைக்கு மகள் வந்திருக்கிறாள், குழம்பு கொதித்துவிட்டது, அவ்வளவுதான். இருளப்பசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேரியரைத் திறந்தாள். விடியலில் அடைத்த குழம்பிலிருந்து ஆவி பறந்தது. இம்மானுவேல் எட்டிப்பார்த்து, "என்ன கம்பெனிக் கேரியர் பாப்பா இது? நல்லாச் சூடு தாங்குதே" என்று விசாரித்தார். மூவரும் உடைமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கவுதாரி இருளப்பசாமியின் தட்டோரம் வந்து நின்று, அவர் ஒதுக்கிய சோற்றைக் கொத்தியது. அவருக்குக் கருவாட்டு முள்ளை எடுக்கத் தெரியாது. இருந்தவரை சந்தனம்மாள்தான் எடுத்துப் போடுவாள். அன்று கவுதாரி எடுத்துப் போட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் இம்மானுவேல் காலிக் கூண்டை நீட்டி, "அண்ணே, வைக்கவா?" என்றார். "போடா கோட்டிக்காரா. சோத்துக்குக் கூப்புட்டவளக் கூண்டுலயா அடைப்பாக?" என்றார் இருளப்பசாமி. திரும்புகிற வழியில் கூண்டை முத்துப்பேச்சி வாங்கிக்கொண்டு போய், கோழிக்குஞ்சுகளை மூடி வைத்தாள்.

மிளகாய் எடுத்து முடிந்ததும் இருளப்பசாமி மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மாசத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி வந்து உடைமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். மகளுக்கு லீவு கிடைத்தால் அவளும் வருவாள். மற்ற நாட்களிலும் கவுதாரி கூப்பிடுவதை நிறுத்தவில்லை. இப்போது முழுசாகக் கூப்பிடுகிறது, "சூடோட சாப்புட வாங்க" என்று. அந்தப் பக்கம் விறகு வெட்டுகிறவர்கள், கரி மூட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், வண்டி பஞ்சராகி நிற்கிறவர்கள், எல்லாருக்கும் அது கேட்கும். யாரைக் கூப்பிடுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.