விருந்தாளிகள் எழுந்திருக்க வேண்டாம்

நான்கு கூட்டம் நடத்தி, முயோகா ஒரே ஒரு தீர்மானத்தை வாங்கினான். ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களை இனிமேல் எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது.

ககமேகா ஊரில் அந்தச் சபை தொடங்கிய நாள் முதல் இருந்த வழக்கம் அது. அறிவிப்பு வாசித்து முடிந்ததும் விருந்தாளிகளை எழுப்புவார்கள். பெயர், ஊர், எந்தச் சபை, எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எல்லாவற்றையும் மைக்கில் சொல்ல வேண்டும். பிறகு சபை முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டிப் பாடும். வாடகை பைக் ஓட்டுகிற பையன்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் ஒரு ஞாயிறு வந்து நின்றார்கள். மறு ஞாயிறு காணவில்லை. வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை என்று கண்டுபிடிக்க பாஸ்டர் லிஹாண்டா வரவேற்புக் குழு ஒன்றை அமைத்தார். பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் முயோகாவைச் செயலாளராகப் போட்டார்.

"நிக்க வெக்கலன்னா வந்தது யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் மூத்த மூப்பர் அமுகோயா, முதல் கூட்டத்தில்.

"கிட்ட போய்ப் பேசினா தெரியும், ஐயா."

"யாரு போறது?"

"நீங்க போகலாம்."

"எனக்கு முட்டி வலி தம்பி."

இரண்டாவது கூட்டம் டிரம்ஸ் வாங்குவதா வேண்டாமா என்பதிலேயே போயிற்று. மூன்றாவதில் விருந்தாளி நாற்காலிகளுக்கு என்ன நிறத்தில் ரிப்பன் கட்டலாம் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ரிப்பனே வேண்டாம் என்று முயோகா சொன்னான். அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியவன் அவன்தான். அவனுக்கே அலுத்துவிட்டது. நான்காவது கூட்டத்தில் தட்டிலிருந்த மந்தாசிப் பலகாரம் தீர்ந்து, தேநீரும் ஆறிய பிறகு, வீட்டுக்குப் போனால் போதும் என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

இதில் அவனுக்குச் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. தங்கை கசாண்டி. பதினோரு வருஷத்துக்கு முன்பு, கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானபோது, மூப்பர்கள் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். சபைக்கு முன்னால் எழுந்து நின்று பாவத்தை அறிக்கையிட்டால் முன்னால் வரலாம் என்றார்கள். அவள் எழுந்தாள். நேராக வெளியே போனாள். அதற்குப் பிறகு வாசலை மிதிக்கவில்லை. சந்தையில் பழைய துணிக்கடை போட்டு மகளை வளர்த்தாள்.

அந்த மகள் இமாலிக்கு இப்போது பத்து வயது. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி நடக்கும்போது சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று கூடவே பாடுகிறாள். பாடகர் குழுவில் சேர்த்துவிடு என்று தாயைப் பிடுங்கி எடுக்கிறாள்.

"ஒரு ஞாயிறு வரேன் அண்ணே," என்றாள் கசாண்டி. "எவராவது என்னை எழுந்திருன்னு சொன்னா அதோட சரி."

"சொல்ல மாட்டாங்க. தீர்மானம் போட்டாச்சு."

"உங்க தீர்மானமெல்லாம் நான் பாக்காததா?"

வந்தாள். நாலாவது வரிசையில், முயோகாவுக்கும் இமாலிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுகப் பிடித்திருந்தாள். பிரசங்கம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள்.

அறிவிப்பு வாசிக்க அயூமா அக்கா வந்தாள். வாசலில் ஆட்களை எதிர்கொண்டு உட்கார வைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. குழுவிலும் இருந்தவள். தீர்மானத்துக்குக் கையைத் தூக்கியவள்.

"ஒரு நல்ல சேதி. இன்னிலேருந்து நம்ம சபையில விருந்தாளிங்க எழுந்திருக்க வேண்டாம்."

முயோகா மூச்சு விட்டான்.

"அதனால விருந்தாளிங்க எல்லாரும் அப்படியே உக்காந்திருங்க. நாம மத்தவங்க எழுந்து நின்னு, அவங்களைப் பாத்துக் கைதட்டலாம்."

நானூறு பேர் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஏழோ எட்டோ பேர். மரம் வெட்டிய காட்டில் அடிக்கட்டை போல ஆளுக்கொரு மூலையில் தெரிந்தார்கள். முன் வரிசையில் பைக் ஓட்டுகிற பையன் ஒருவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைவிட நன்றாக ஒருவரைக் காட்டிக் கொடுக்க முயோகாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. அவன் எழுந்திருக்கவில்லை.

"செயலாளரே, நீங்க எப்போ விருந்தாளியானீங்க?" என்றாள் அயூமா மைக்கில். சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பில் அமுகோயா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவளையும் பார்த்தார்.

"அது நம்ம கசாண்டியில்ல?" மைக் இல்லாமலே அவர் குரல் கடைசிச் சுவர் வரை போகும். "நீ என்னம்மா உக்காந்திருக்கே? உன் பேரு இன்னும் பதிவேட்டுல இருக்கு. நாங்க யாரையும் வெட்டி விடல. நீ விருந்தாளி இல்ல, இந்த வீட்டுப் பொண்ணு. எழுந்திரும்மா."

"ஐயா, அவளை விடுங்க," என்றான் முயோகா.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? அவளை வெளியாள்னு ஒதுக்கச் சொல்றியா?"

கசாண்டி பையைத் தோளில் மாட்டினாள். "எழுந்தாச்சு ஐயா," என்றாள். அவனைத் தாண்டி நடைபாதைக்கு வந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

காணாமல் போன மகள் எழுந்துவிட்டாள் என்று சபை நினைத்தது. கைதட்டல் இரண்டு மடங்கானது. வாசல் வரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே போயிற்று.

அதற்குள் பாடகர் குழு வரவேற்புப் பாட்டை எடுத்துவிட்டது. இமாலி தாய் போனதைக் கவனிக்கவில்லை. குழுவையே பார்த்தபடி, மெட்டுக்கு மேலே இரண்டாம் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். முயோகா அவளைத் தொடக் கையை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டு, தான் மட்டும் வெளியே போனான்.

கசாண்டி கேட்டருகே, நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். அழவில்லை.

"என்ன சொல்றதுன்னே தெரியல," என்றான்.

"ஒண்ணும் சொல்லாதே. அடுத்த வாரம் எல்லாரையும் படுக்கச் சொல்வாங்க."

"இன்னொரு கூட்டம் போட்டு…"

"அண்ணே." கையைக் காட்டி நிறுத்தினாள். "அவர் திட்டியிருந்தா நான் அசையாம உக்காந்திருப்பேன். பாசமாச் சொன்னாரு பாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

நான்கு கூட்டங்களில் ஒன்றில்கூட ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை.

உள்ளே பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. கசாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரு அது, குரல் மேல போறது?"

"உன் பொண்ணு," என்றான் முயோகா.

"கூட்டிட்டு வரவா?" என்று கேட்டான் பிறகு.

"வேண்டாம். பாடட்டும்." பாட்டு முடிந்ததும் கேட்டைக் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு இந்த கேட் வரைக்கும் கொண்டாந்து விடறேன். உள்ள நீ பாத்துக்கோ. யாராச்சும் அவளை எழுந்திருன்னு சொன்னாங்கன்னு என் காதுல விழக் கூடாது."

"பாடறப்ப நிக்கணுமே கசாண்டி."

"அது அவளா நிக்கிறது."

அவள் ஒரு பைக்கைக் கைகாட்டி ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சந்தைப் பக்கம் பைக் திரும்பும் வரை முயோகா பார்த்துக்கொண்டு நின்றான். தங்கையைக் கூட்டி வந்தவனுக்குத் தங்கை மகள் மிஞ்சினாள்.

உள்ளே போகாமல் நின்றுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இமாலி திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். போனான்.

நாலாவது வரிசையில், கசாண்டி உட்கார்ந்திருந்த இடத்தில், அயூமா விருந்தாளிக்கு என்று ஒரு சோடாவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். இமாலி அதைத் தொடவில்லை. "அம்மா எங்க மாமா?" என்றாள்.