பாதாம் பிசின் போல ஒன்று

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான்தான் காரணம். எழுதியதால் அல்ல, ஊறவைத்ததால்.

சித்திரை வெயிலுக்கு ஜிகர்தண்டா போடலாம் என்று பார்த்தால், பாதாம் பிசின் தீர்ந்திருந்தது. அலமாரியில் ஒரு பெட்டி. சிங்கப்பூரிலிருந்து வந்துபோன மகன் மதன்குமார் வைத்துவிட்டுப் போனது. மேலே சீன எழுத்து. உள்ளே மஞ்சளாகக் காய்ந்த சில்லுகள். நெஞ்சுச்சளிக்கு நல்லது, ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்று கிளம்பும் அவசரத்தில் சொன்னான். எனக்கு ஊறவைப்பது மட்டும் நினைவிருந்தது. பிசினேதான் என்று தீர்ப்பெழுதித் தண்ணீரில் போட்டேன். பஞ்சுபோல் உப்பியது. பால், நன்னாரி, ஐஸ், மேலே அது.

மாலை அஸர் தொழுகை முடிந்து வழக்கம்போல் அபுபக்கர் வந்தார். உத்தமபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள். (என் கதைகளைப் படிக்கிற ஒரே ஆளும் அவர்தான். இரண்டு பொறுப்பையும் ஒருவர் தலையிலேயே கட்டியது என் நிர்வாகத் திறமை.) இரண்டு டம்ளர் குடித்தார். இன்றைக்குக் கைப்பக்குவமே வேறு என்றார். மனைவி அம்சத் பீவிக்கும் தூக்குவாளியில் வாங்கிப் போனார்.

மறுநாள் மகன் போனில் சொன்னான்: "அப்பா, அது தவளை."*

* சீனாவின் வடக்கே, குளிர்ப் பகுதியில் வாழும் பெண் தவளை. அதன் கருக்குழாயை ஒட்டிய கொழுப்பைக் காயவைத்து எடுப்பார்களாம். கற்கண்டு போட்டு இனிப்பாகக் காய்ச்சுவார்கள். நுரையீரலுக்கு மருந்து என்றும் நம்புகிறார்கள். பாய் வீட்டில் அது விலக்கப்பட்டது. இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்ததற்கு மன்னிக்கவும்.

2

நான் பத்திரம் எழுதுகிறவன். யார் நிலத்தையும் நான்கு எல்லை குறித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக்கொடுப்பேன். இதை எழுத உட்கார்ந்தபோது வந்தவை:

'பாய், அன்றைக்கு நீங்கள் குடித்ததில்'

'மேற்படி தேதியில் மேற்படி நபருக்கு மேற்படி பானத்தை நான் முழுச் சுயநினைவுடன்'

'தவளைகளைப் பற்றி உங்கள் பொதுவான'

அப்படியே கிடக்கட்டும்.

ஒரு வரைவில் அபுபக்கரை எடுத்துவிட்டு முத்துப்பாண்டி என்றொரு நண்பரைப் போட்டேன். விஷயம் தெரிந்ததும் முத்துப்பாண்டி தொடையில் தட்டிச் சிரித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார். கதை நான்காவது வரியில் செத்துப்போனது. அதைவிட, முத்துப்பாண்டியோடு பேச எனக்கு ஒன்றுமே இல்லை.

3

முடிவு அ: சொல்லவில்லை. அவர் வருகிறார், போகிறார்.

முடிவு ஆ: சொல்கிறேன். எழுந்து போய்விடுகிறார். அடுத்த நாள் நாலரை மணிக்கு கேட் திறக்கும் சத்தம் இல்லை. என் மனைவி போய்ச்சேர்ந்தபிறகு, காலையிலிருந்து நாலரை வரைக்கும் நான் பேசுவது மிக்ஸியோடுதான். நாலரைக்கு மேலும் மிக்ஸியோடு

[இதற்குமேல் எழுத முடியவில்லை.]

முடிவு இ: சொல்கிறேன், சிரித்துவிடுகிறார். எழுதுகிறவன் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் லஞ்சம் இது.

பதினோரு நாள் முடிவு அ-வில் குடியிருந்தேன். தினமும் மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். மேசையில் நோட்டைப் பார்த்து, புதுக் கதையா என்று கேட்டார். முடிவு வரவில்லை என்றேன். உங்கள் கதைகளுக்கு என்றைக்கு வந்தது என்றார்.

4

நேற்று நோட்டைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் இதுவரை படித்தது அவ்வளவையும் அவரும் படித்தார்.

அடிக்குறிப்பில் விரல் நின்றது. முத்துப்பாண்டி வரும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை. பாதியில் நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்பளித்தார். என்றைக்கோ குடித்ததற்கு இன்றைக்குக் கொப்பளித்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வெகுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்து மிச்சத்தையும் படித்தார்.

"தெரியாமக் குடுத்தீக, தெரியாமக் குடிச்சோம். அதுல குத்தம் இல்ல. வீட்ல நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

[இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதி அடித்துவிட்டேன்.]

"நாளைக்கு வருவீகளா பாய்?"

என் கதைகளில் யாரிடமாவது இப்படிக் கேட்டால், அவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள், அல்லது தூரத்தில் மலை தெரியும். அபுபக்கர் என்னைப் பார்த்தார்.

"வருவேண்ணே. ஆனா இங்கன ஒண்ணும் குடிக்க மாட்டேன். தவளைக்காக இல்ல. பதினோரு நாளு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மோரு ஊத்திக் குடுத்தீகளே, அதுக்கு."