செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

என் கடைக்குச் சீல் வைத்த பதினோராம் நாள், லுஜைன் வந்து மூடிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: "சித்தப்பா, போன மாசம் பனி கொட்டுச்சே, அப்ப நீங்க கடை திறந்தீங்களா?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிழைப்பு போய், தெருவில் ஸ்டூல் போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இவளுக்குப் பனியைப் பற்றி விசாரணை.

"எதுக்குக் கேக்குற? பனியையும் எண்ணெயில பொரிச்சு வித்தேன்னு எழுதப் போறியா?"

"சொல்லுங்க சித்தப்பா. திறந்தீங்களா இல்லையா?"

"இல்லம்மா. படியில கால் வைக்க முடியல. சனிக்கிழமையிலேர்ந்து புதன் வரைக்கும் பூட்டு. போதுமா?"

நோட்டில் எழுதிக்கொண்டாள். முகத்தில் பெருநாள் வந்தது போல ஒரு சிரிப்பு. பத்தொன்பது வயது, காலேஜில் முதல் வருஷம். ஐந்து வயதிலேயே என் கடைமுன் நின்று ஃபலாஃபில் என்கிற கடலை வடைக்கு நடுவில் ஏன் ஓட்டை போடுகிறீர்கள் என்று கேட்டு உயிரை வாங்கியவள். இன்னும் ஓயவில்லை. உறவு ஒன்றுமில்லை, தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் சித்தப்பாதான்.

கிழக்கு அம்மானில் எங்கள் தெரு முழுக்கப் படிதான். நூற்று முப்பத்தாறு படிகள், இரண்டு பக்கமும் வீடுகள். அடியில் என் கடை. நடுவில் லுஜைனின் அப்பா அபூ ஹம்தானின் வீடு. தண்ணீர் செவ்வாய்க்கிழமை மட்டும் வரும், அதுவும் பாதிப் படிக்கு மேல் ஏறாது. அபூ ஹம்தான் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு அடியில் பெரிய தொட்டி, ஒரு மோட்டார், நாற்பது மீட்டர் நீலக் குழாய் வைத்திருந்தார். செவ்வாய் தவறாமல் அந்தக் குழாய் மேல்வீட்டு மாடிகளுக்கு ஒவ்வொன்றாக ஏறும். "அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும், அபூ ஹம்தான்" என்று மேலிருந்து பெண்கள் கூவுவார்கள். மனுஷன் மீசையைத் தடவிக்கொள்வதோடு சரி, பதில்கூடச் சொல்ல மாட்டார்.

அப்படி இருந்த தெருவில்தான் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாக ஆரம்பித்தது. ஒரு வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் இரண்டு என்று பத்தொன்பது பிள்ளைகளுக்குக் காமாலை. உச்சிப் படியில் இருக்கும் உம்மு குசையின் மகளை ஆஸ்பத்திரியிலேயே சேர்க்கும்படி ஆகிவிட்டது. கைக்குக் கிடைத்தவன் நான். எல்லாப் பிள்ளையும் என் கடையில் தின்றதாம், நான் நறுக்கி வைத்த தக்காளியில்தான் கிருமியாம். மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? அபூ ஹம்தானுடையது. முப்பது வருஷமாக வாரத்தில் நான்கு நாள் என் கையால் தின்றவர்!

சுகாதார அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள், தக்காளியை டப்பாவில் போட்டு எடுத்துப் போனார்கள், ஷட்டரில் சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை இளைஞர் மன்றக் கூடத்தில் டாக்டரம்மா வந்து தெரு ஜனங்களிடம் விசாரிப்பார், அதன் பிறகு லைசன்ஸ் இருக்குமா போகுமா என்று முடிவாகும் என்றார்கள்.

லுஜைன் மன்றத்துத் தொண்டர்களில் ஒருத்தி. அவர்களுக்குக் கொடுத்த வேலை, வீடு வீடாகப் போய் 'கை கழுவுங்கள்' என்ற தாளைக் கொடுப்பது. மற்ற பிள்ளைகள் தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறாள்.

"சித்தப்பா, ஒண்ணு கவனிச்சீங்களா? உங்க கடைக்கு ஒட்டுனாப்ல இருக்கிற பதினாறு வீட்டுல ஒரே ஒரு பையனுக்குத்தான் காமாலை. தினம் உங்ககிட்ட திங்குறவங்களே அவங்கதான். மத்த பதினெட்டும் மேல்படி. ஏன்?"

"கீழ இருக்குறவன் வயிறு இரும்பு."

"விளையாடாதீங்க. ஹெல்த் சென்டர் நர்ஸ் சொன்னாங்க, கிருமி உள்ள போயி கண்ணு மஞ்சளாக ஏறக்குறைய ஒரு மாசம் ஆகுமாம். நேத்து தின்னதைப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல. கண்ணு மஞ்சளாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மேல்படியில என்ன நடந்துச்சு? அப்ப உங்க கடையே பூட்டிக் கிடந்துச்சே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு நாளாக என்னைக் கள்வனைப் போலப் பார்க்கும் தெருவில், எனக்காக யோசித்தது இந்த ஒரு தலைதான். அவளுக்கு என்மேல் பாசம் வழிந்து யோசித்தாளா என்றால் அதுவும் இல்லை. அவளுக்கு அந்த 'ஏன்' வேண்டும். என் கடை அதில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அந்தக் கீழ்வீட்டுப் பையன் யாரு?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"நுஹா டீச்சர் மகன். அவன்தான் எனக்கு இடிக்குது. மூணு தடவ போயிட்டேன். டீச்சர் கதவத் திறந்ததும் 'இன்னும் என்னடி மிச்சம்'னு கேக்குறாங்க."

அதற்கு மறுநாள் முழுக்க எனக்கும் அதே நினைப்பு. யாருடைய கல்யாணத்துக்கு எல்லாரும் போனார்கள், எந்த வண்டிக்காரன் மேலே வந்தான் என்று தாடியைச் சொறிந்துகொண்டு கணக்குப் போட்டேன். இந்தப் பெண் எனக்கும் வியாதியைத் தொற்ற வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. படியிலேயே உட்கார்ந்தாள்.

"டீச்சர் வீட்டுக் குழாய் பனியில உறைஞ்சு வெடிச்சிருக்கு சித்தப்பா. அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் அவங்களும் எங்க நீலக் குழாய்ல தண்ணி பிடிச்சிருக்காங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு, "அல்லாஹ்வே!" என்றேன்.

"எங்க வீட்டுல யாருக்கும் காமாலை இல்ல. எங்க தொட்டிக்குத் தெருக் குழாய் நேரா வருது, நீலக் குழாய் வெளியதான் போகும். எல்லாம் பொருந்துது. குழாய்க்குள்ள அழுக்கு எப்படிப் போச்சுங்கிறது மட்டும் தெரியல. பாபாகிட்ட கேட்டேன். சாப்பாட்ட அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நேத்து ராத்திரியிலேர்ந்து என்கிட்ட பேசல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்குக் கூடத்துல கேக்கணும். கேக்கலைன்னா உங்க கடை போயிடும். அந்தக் குழாய் மறுபடியும் மேல ஏறும்."

நான் நல்லவனாக இருந்திருந்தால், வேண்டாம் மகளே, உன் அப்பா மானம் பெரிது என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. எனக்குக் கடை வேண்டும். அவள் எழுந்து போகும்போது வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கூடம் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோடு நின்றார்கள். அபூ ஹம்தான் முன்வரிசையில், தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி, முழங்காலில் இரண்டு கை. டாக்டரம்மா என் தக்காளியைப் பற்றித் தொடங்குவதற்குள் லுஜைன் எழுந்துவிட்டாள்.

"டாக்டர், அஞ்சு நிமிஷம். நான் எதுவும் சொல்லப் போறதில்ல. கேக்கத்தான் போறேன்."

"இவ எப்ப கேக்காம இருந்தா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூடம் சிரித்தது.

"பனிக்கு அப்புறம் வந்த செவ்வாய்க்கிழமை, எங்க வீட்டு நீலக் குழாய்ல தண்ணி பிடிச்சவங்க கை தூக்குங்க."

பதினான்கு கைகள். நுஹா டீச்சருடையதும் ஒன்று.

"அதுல வீட்டுல காமாலை வராதவங்க மட்டும் கைய இறக்குங்க."

இரண்டு கைகள் இறங்கின.

"அன்னிக்கு நீலக் குழாய்ல தண்ணி பிடிக்காத வீட்டுல யாருக்காவது காமாலை?"

புதிதாக ஒரு கையும் உயரவில்லை. உம்மு குசையின் கொழுந்தன் துள்ளி எழுந்தான்: "என்ன பொண்ணு நீ? தண்ணி கொடுத்த உங்கப்பாவையே சபையில நிறுத்துறியா? வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றாள். "வெக்கமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "குழாய்ல எப்படி அழுக்குப் போயிருக்கும்? அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அதுதான் என் கடைசிக் கேள்வி." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பாபா, பனி உருக ஆரம்பிச்ச திங்கக்கிழமை, குழாய வேற எதுக்காவது எடுத்தீங்களா?"

ஒரு வார்த்தை, 'இல்லை' என்று சொன்னால் போதும். பார்த்தவர் யாருமில்லை. எல்லாரும் அன்று ஸ்டவ்வைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். அவர் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம், நான் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அபூ ஹம்தான் எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை.

"மேல எண்பதாம் படிகிட்ட சாக்கடை அடைச்சிருந்துச்சு. கழிவுத்தண்ணி வீட்டு வாசலுக்குள்ள ஏறிட்டிருந்துச்சு. நகராட்சி வண்டி பனியில வரல. நான் குழாய உள்ள விட்டு, மோட்டாரப் போட்டுத் தள்ளினேன். அடைப்பு போச்சு. அப்புறம் சோப்புப் போட்டுத் துடைச்சேன். வெளிப்பக்கம் பளபளன்னு துடைச்சேன். உள்பக்கம்... அடுத்த நாள் செவ்வாய். எல்லாரும் தண்ணிக்குக் காத்துட்டிருந்தாங்க."

உம்மு குசை எழுந்தாள். "எம்பொண்ணு பன்னண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா, அபூ ஹம்தான்."

"தெரியும்."

"நீங்க வந்து பாத்தீங்க. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தீங்க."

"அப்ப இது தெரியாது. வல்லாஹி, சத்தியமா தெரியாது. இவ கேட்டப்பதான் எனக்கே..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அந்த மீசை துடித்தது. லுஜைன் அழுதுகொண்டே நின்றாள். அவர்தான் அவள் தோளைத் தொட்டு, "உக்காரு பாபா" என்றார். எங்கள் ஊரில் அப்பன் மகளையும் அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டரம்மா அந்த நோட்டைக் கேட்டார். "நகல் எடுத்துக்குங்க டாக்டர், நோட்டு எனக்கு வேணும்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கு இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. அந்தச் சாக்கடைய கடைசியா எப்ப சுத்தம் பண்ணாங்க? தண்ணி ஏன் பாதிப் படியோட நின்னுடுது? குழாய் இல்லாம பிழைக்க முடியாத தெருவுல குழாய மட்டும் குத்தம் சொல்லிட்டு நீங்க போயிட முடியாது."

அந்த இரண்டு கேள்வியையும் தூக்கிக்கொண்டு அவளும் மன்றத்துப் பிள்ளைகளும் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்று எனக்கே கணக்கில்லை. கோடை வருவதற்குள் சாக்கடைக்குப் புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை, அதற்காக இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்போது எங்கள் மலையின் ஏழு தெருவுக்கும் சேர்த்து இளைஞர் சுகாதாரக் குழு இருக்கிறது. தலைவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த செவ்வாயன்று அபூ ஹம்தான் புது வெள்ளைக் குழாயோடு வாசலில் நின்றார். ஒரு மணி நேரம் யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் உம்மு குசை இறங்கி வந்தாள். குழாயின் வாயை மோந்து பார்த்தாள், உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள், தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

என் ஷட்டரும் திறந்தது. போன வியாழக்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். வரிசையில் நான்காவது ஆளாக அபூ ஹம்தான், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டி. அப்போது லுஜைன் கழுத்தில் சுகாதாரக் குழுவின் அட்டையோடு, இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, இந்த எண்ணெய் எத்தன நாளா கொதிக்குது?"

'இன்னிக்குக் காலையில ஊத்துனதும்மா' என்ற பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. முப்பது வருஷமாகச் சொல்லும் பதில். யாருக்குத் தெரியப் போகிறது? நிமிர்ந்தேன். அபூ ஹம்தான் என்னைப் பார்க்கவில்லை. பாவம், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு நாள்" என்றேன்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.