பென்சிலுடைய மஞ்சள் சீட்டுகள்

வகுப்பில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். கடைசி வருஷப் படத்துக்கு மூன்று பேர் குழு என்று முடிவான அன்றே, எடிட்டிங் அறைச் சுவரில் பெரிய தாளை ஒட்டி மூன்று பத்தி பிரித்துவிட்டாள்: செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது. வேலைக்கு ஒரு சீட்டு. வேலை நகர்ந்தால் சீட்டும் நகர வேண்டும்.

நான்கு நிமிட அனிமேஷன் படம். ஒலியும் எடிட்டிங்கும் தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர் வாங்கியவன் தலையில். வரைவதெல்லாம் பென்சில் என்று கூப்பிடப்பட்ட மூன்றாமவன். அவனுக்கு நாற்பத்திரண்டு காட்சிகள், நாற்பத்திரண்டு மஞ்சள் சீட்டுகள்.

முதல் மாதம் பென்சில் பேய் மாதிரி வரைந்தான். அப்புறம் கொஞ்சம் சுணங்கினான். ஆனாலும் சீட்டுகள் தவறாமல் நகர்ந்தன. மேஸ்திரி திங்கள்தோறும் அவற்றை எண்ணிப் பேராசிரியருக்கு எழுதி அனுப்பினாள். மனசுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது.

சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தூங்குமூஞ்சி திரையைக் காட்டினான். "இங்க பாரு. பதினேழாவது காட்சிக்கு மேல எல்லாமே வெத்துத் தாள். பேரு மட்டும் போட்டு சேமிச்சு வச்சிருக்கான்."

பென்சில் உள்ளே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் குழுக்காரர்களும் இருந்தார்கள். அவள் பார்க்கவில்லை.

"வரையாமலே முடிஞ்சதுன்னு நகர்த்தியிருக்கியே, எங்களை என்ன கேணைங்கன்னு நினைச்சியா?"

"இல்ல, நாளைக்குள்ள..."

"எத்தனை நாளைக்குடா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவன் வலக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே போய்விட்டான்.

மூன்றாம் நாள் அவனுடைய அக்கா வந்தாள். துணிக்கடையில் வேலை செய்பவள்; பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அவனோட ஸ்கெட்ச் நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னான்மா. இனிமே வரமாட்டான்."

"ஏன்க்கா? நான் திட்டினதுக்கா?"

"திட்டினியா? அது எனக்குத் தெரியாதே." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "கை நடுங்குதும்மா. ரெண்டு மாசமா. நரம்புல கோளாறாம். குறையலாம், ஆனா பழைய மாதிரி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்ககிட்டயே போன வாரம்தான் வாயத் திறந்தான்."

தூங்குமூஞ்சிதான் நோட்டுகளை அடுக்கிக் கொடுத்தான். கடைசி நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே நாற்காலி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கோணல்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி பென்சில் வீட்டுக்குப் போனாள். கதவை அவனே திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா."

"எந்தப் பத்தியில ஒட்டியிருப்ப?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரல்.

மன்னிப்பு கேட்க நினைத்து வந்தவள், "உன் பேரு படத்துல இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"உன் இஷ்டம்." கதவை மெதுவாகச் சாத்தினான்.

பதினேழு காட்சிகளை வைத்து ஒன்றரை நிமிடத்தில் படத்தை முடித்தார்கள். ஏதோ தேறியது. ஓவியம் அருமை, கதைதான் பாதியில் நிற்கிறது என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அதைச் சொல்ல மேஸ்திரி பென்சிலுக்குப் போன் செய்தாள். அக்கா எடுத்தாள்.

"தூங்குறான்மா."

மணி பதினொன்று, நல்ல வெயில். எழுந்ததும் சொல்கிறேன் என்றாள் அக்கா. அவன் திரும்பக் கூப்பிடவில்லை.