லொக்னகாரின் பழைய பெயர்

லாசால் நகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் இருந்தார்கள்: இரவிச்சந்திரன், மனைவி பாலாம்பிகை, மகன் டினோஜன், ஸ்கொட்லாந்திலிருந்து மூத்த மகள் சாம்பவியின் உடலோடு வந்த ஃபேர்கஸ். டினோஜன் அக்காவின் மரண அறிவித்தலைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அதற்கு முன் இது வெளியாக வேண்டும்.

"எங்கை இறந்தது எண்டு போடுறது, அப்பா?"

"ஸ்கொட்லாந்து எண்டு போடு. காணும்."

டினோஜன் ஃபேர்கஸிடம் ஆங்கிலத்தில் கேட்டான். லொக்னகார் என்ற மலை என்று எழுத்தெழுத்தாகச் சொன்ன ஃபேர்கஸ், பிறகு நிறுத்த முடியாமல் பேசிக்கொண்டே போனான். மூன்று நாள் தூங்காத குரல். அது மலையின் சொந்தப் பெயர் இல்லையாம். அடியில் கிடக்கும் சிறு ஏரியின் பெயராம். மலைக்கு முலைகள் என்று பொருள்படும் பழைய பெயர் ஒன்று இருந்ததாம். பின்னால் வந்த கௌரவமான மனிதர்கள் அதைச் சொல்லக் கூசி, ஏரியின் பெயரையே மலைக்கும் சொன்னார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டாம்.

"அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவவாம்," என்றான் டினோஜன். "எங்கட அப்பா போய்ப் பேர் மாத்தின மலை எண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை.

மகள் அபர்டீனில் மேற்படிப்புப் படிக்கிறாள் என்றுதான் இரவிச்சந்திரன் இரண்டு வருடமாகச் சொந்தக்காரருக்குச் சொல்லி வந்தார். அவள் அங்கே ஃபேர்கஸைப் பதிவுத் திருமணம் செய்தது இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நேற்று விமான நிலையத்தில், நண்பன் என்றே இருந்துகொள்ளும்படி அவனிடம் கேட்டுக்கொண்டார். அவன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

டினோஜன் வாசித்தான்: "இரவிச்சந்திரன் பாலாம்பிகை தம்பதிகளின் அன்பு மகளும், டினோஜனின் அன்புச் சகோதரியும் ஆவார்."

"அன்பு மனைவியும் எண்ட வரி எங்கை?" என்றாள் பாலாம்பிகை.

"சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"பிள்ளை பெட்டிக்கை கிடக்கிறாள். நீங்கள் சனத்தைப் பாருங்கோ."

அவர் டினோஜனிடம் அனுப்பு என்று கையைக் காட்டினார்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த அறிவித்தலை வாசித்திருந்தார்கள். வயது முப்பத்தொன்று. கணவன் பெயர் இல்லை, இறந்த காரணமும் இல்லை. கையைப் பிடித்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். கதவடியில் கூடிக் குசுகுசுத்தார்கள். ஃபேர்கஸ் கடைசி வரிசையில் குளிரங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். இரவிச்சந்திரன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பியர்பொன்ட்ஸிலிருந்து வந்த தங்கை இந்திராதேவி காதருகே குனிந்தாள்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. ஆரோ ஏமாத்திப்போட்டானாம், பிள்ளை தனியப் போய்க் குதிச்சவளாம். வெளியிலை கதைக்கினம்."

விளிம்பில் இருந்த கை நழுவியது. மறுபடி பிடித்தார்.

"பொய்," என்றார், கதவடியில் நின்றவர்களுக்கும் கேட்க. "குதிக்கேல்லை. கல்லு வழுக்கினது. தனியவும் போகேல்லை. புருசன் கூட நிண்டவர். அந்தா, கடைசி வரிசையிலை இருக்கிறார்."