ஒரு தொண்டையை நம்பி

கச்சேரிக்கு முந்தின நாள் காலை, விடுதிக்காரி மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பாடகர் தங்கியிருந்த அறைப்பக்கமிருந்து இருமல் சத்தம் வந்தது.

பெரிய ஓட்டல்களெல்லாம் நிரம்பிவிட்டதால் பாடகரே அவளுடைய சின்ன விடுதிக்கு வந்திருந்தார். மற்ற அறைகளில் ரசிகர்கள். தானும் தன் வீட்டுக்காரரும் படுக்கும் அறையைக்கூட வாடகைக்கு விட்டுவிட்டு, அவரைப் பழைய கம்பளங்கள் அடுக்கிய சாமான் அறைக்குத் தள்ளியிருந்தாள். இந்த வருமானத்தில் ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம். கச்சேரி நின்றால் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

"லொக், லொக்."

பாடகர்தான் இருமுகிறார் என்று டீக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னாள், தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்துக் கடை பனியன்காரர் ஓடி வந்தார். பாடகரின் முகம் அச்சடித்த பனியன்கள் அவர் கடையில் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, அந்தாளு தொண்டை போச்சுன்னா இதெல்லாம் தரை துடைக்கத்தான் ஆகும்!"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பா. வெந்நீரும் தேனும் அனுப்பியிருக்கேன்."

அப்போது பாடகரே இறங்கி வந்தார். குரல் கணீரென்று இருந்தது.

"ஏம்மா, எனக்கு எதுக்கு வெந்நீரா அனுப்புறீங்க? என் ஜன்னலுக்குக் கீழ இருமுறாரே, அவரைக் கவனிங்க. எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்குப் பாட்டு கிடையாது."

ஜன்னலுக்குக் கீழே இருந்தது சாமான் அறை.

"மாமாவை உடனே எங்கயாவது கடத்துங்கக்கா!" என்றார் பனியன்காரர்.

அவள் சாமான் அறைக் கதவைத் திறந்தாள். வீட்டுக்காரர் தூசிக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு. இத்தனை வருஷம் உன் பக்கத்துலதானே படுத்து இருமுறேன். வேற ஆளுன்னு நினைச்சிட்டியா?"

அந்நியனுடையது என்று நம்பியபோது அந்த இருமலின் ஒவ்வொரு கரகரப்பும் அவளைச் சுட்டது. இவருடையது என்று தெரிந்திருந்தால் காதிலேயே ஏறியிருக்காது. அதுதான் உறுத்தியது.

"யாரையும் எங்கயும் கடத்த வேண்டாம்," என்று பனியன்காரரிடம் சொன்னாள்.

பாடகரைப் பின்பக்க அறைக்கு மாற்றினாள். அவர் படுத்த கட்டில் என்றதும் பின்னறை ரசிகர்கள் குதித்துக்கொண்டு இடம் மாறினார்கள்.

"இதுக்குத் தனி வாடகை வாங்கலாமேக்கா," என்று பனியன்காரர் முணுமுணுத்தார்.

வீட்டுக்காரரைத் தன் மேஜைக்குப் பக்கத்து சோபாவில் உட்காரவைத்து, மிச்சமிருந்த தேனைக் கையில் கொடுத்தாள்.

"இப்ப இருமுங்க. கேக்குறேன்."

அவர் தொண்டையைச் செருமிப் பார்த்தார்.

"நீ இப்படிப் பார்த்துக்கிட்டிருந்தா எப்படி வரும்?" என்றார், கூச்சத்தோடு.